மாணவர் போராட்டம் பற்றி ஓர் அறிக்கை வந்தால் அதை எப்படி எடைபோடுவது?

கோலாலம்பூரில் மாணவர்கள் பதாகை பிடித்து நின்றால் அன்று மாலைக்குள் அறிக்கைகள் குவிந்துவிடும். உயர்கல்வி அமைச்சு ஒன்று விடும், பல்கலைக்கழகம் ஒன்று, மாணவர் அமைப்பு ஒன்று, ஏதாவது கட்சியின் இளைஞர் பிரிவு ஒன்று. நம் பக்கத்திலிருந்தும் ஓர் இயக்கத் தலைவர் விடாமல் இருக்க மாட்டார். இரவுக்குள் இவை பாதி வெட்டப்பட்டு, பாதி ஒட்டப்பட்டு, குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவுக்கு வந்து சேரும். சுங்கை சிப்புட்டிலிருந்தோ தெலுக் இந்தானிலிருந்தோ வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எதை நம்புவது என்று தெரியாது. ஊரில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாவுக்கும் தெரியாது. இது அவர்களுக்காக.

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். போராட்டம் நியாயமா என்பது ஒரு கேள்வி. அதைப் பற்றிப் பேசியவர் நேர்மையாகப் பேசினாரா என்பது வேறு கேள்வி. நீங்கள் ஆதரிக்கும் போராட்டத்தின் அறிக்கை மோசமாக இருக்கலாம். நீங்கள் வெறுக்கும் அமைச்சரின் அறிக்கை நேர்மையாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மனம் வராவிட்டால் கீழே உள்ள எந்தப் படியும் உதவாது.

அளவுகோலுக்கு வெளியூர் போக வேண்டாம். பௌத்த அறம் பேச்சில் விளையும் குற்றங்கள் நான்கு என்கிறது. மணிமேகலை அவற்றைப் பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்று வரிசைப்படுத்துகிறது. குறளை என்றால் கோள் மூட்டுவது. பௌத்தம் பிடிக்காதவர்கள் திருக்குறளை எடுத்துக்கொள்ளலாம். வாய்மை, புறங்கூறாமை, இனியவை கூறல், பயனில சொல்லாமை என்று ஏறக்குறைய அதே நான்குக்கும் அதிகாரங்கள் இருக்கின்றன. 1894 முதல் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் பௌத்த மகா விகாரையில் கேட்டால் ஐந்தாவதாக ஒன்றும் சேர்ப்பார்கள்: காலம். உண்மையானதை, நன்மை தருவதை, அன்போடு, இதமாகச் சொன்னாலும் உரிய நேரத்தில் சொன்னாயா என்று புத்தர் கேட்கிறார். ஆக, நான்கு குற்றம், ஒரு கேள்வி.

முழு அறிக்கையைக் கையில் எடுங்கள்

செய்தி மேசையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அறிக்கையின் சூடான வரிதான் தலைப்பாகும். "விசாரணை முடியும்வரை எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது" என்ற வரி கடைசிப் பத்தியில் இருக்கும், இடம் போதாமல் அதுதான் முதலில் வெட்டுப்படும். தமிழ்ப் பத்திரிகையில் நாம் படிப்பது பெரும்பாலும் இரண்டு பக்க மலாய் அறிக்கையின் நான்கு பத்திச் சுருக்கம். அதனால் மூல அறிக்கையைத் தேடுங்கள். அமைச்சு, பல்கலைக்கழகம், மாணவர் அமைப்பு எல்லோருக்கும் முகநூல் பக்கம் உண்டு. நாடாளுமன்றத்தில் பேசியது என்றால் அவை நடவடிக்கைக் குறிப்பு நாடாளுமன்றத்தின் இணையத்தளத்திலேயே கிடைக்கும். நிருபர் சந்திப்பில் சொன்னது என்றால் காணொளியை நிருபர் கேட்ட கேள்வியிலிருந்து பாருங்கள். "அப்படியென்றால் அவர்கள் தேசத் துரோகிகளா?" என்று நிருபர் கேட்டு, தலைவர் தலையாட்டியிருப்பார். மறுநாள் அது அவர் சொன்னதாகவே வந்திருக்கும்.

தேதி இல்லாத ஸ்க்ரீன்ஷாட்டை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். அவ்வளவுதான்.

வரி வரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் அறிக்கையை வாக்கியம் வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். நடந்ததைச் சொல்கிறதா, தன் கருத்தைச் சொல்கிறதா, பிறர் மனத்தில் இருப்பதாக ஊகிக்கிறதா, எதையாவது செய்யச் சொல்கிறதா அல்லது மிரட்டுகிறதா? நான்கு குறி போதும். ஒரே வாக்கியத்தில் இரண்டு கலந்திருந்தால் அங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். "தூண்டிவிடப்பட்ட ஐம்பது மாணவர்கள் கூடினர்" என்பதில் ஐம்பது என்பது செய்தி, தூண்டிவிடப்பட்ட என்பது ஊகம். செய்தியின் தோளில் ஏறிக்கொண்டு ஊகம் உள்ளே வந்துவிடுகிறது.

பொய்யா என்று பாருங்கள்: சட்டமும் எண்ணிக்கையும்

இந்த அறிக்கைகளில் முழுப் பொய் குறைவு. காலாவதியான உண்மைதான் அதிகம். அதைப் பிடிக்கக் கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

"மாணவர்கள் அரசியலில் தலையிடக் கூடாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது" என்று இன்னும் பலர் பேசுகிறார்கள். 1971-இல் வந்த பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டமும் 1975-இல் அதை இறுக்கிய திருத்தமும் அப்படித்தான் இருந்தன. ஆனால் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் தொடுத்த வழக்கில், கட்சிகளை ஆதரிப்பதைத் தடுத்த உட்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 திருத்தம் மாணவர்கள் கட்சியில் சேர வழிவிட்டது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் எடுத்துவிட்டது. ஆக, அந்தப் பேச்சு ஒரு காலத்தில் சரி. இன்று சொன்னால் தவறு.

அடுத்தது "அனுமதி இல்லாத கூட்டம்". 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி அமைப்பாளர் போலீசுக்குக் கொடுக்க வேண்டியது அறிவிப்பு. முதலில் பத்து நாள் முன்பு என்று இருந்தது, 2019-இல் ஐந்து நாளாகக் குறைத்தார்கள். தெருவில் ஊர்வலம் போவதற்கு இருந்த தடையும் அப்போதே போயிற்று. அறிவிப்புக் கொடுக்காதவரைத் தண்டிக்கும் உட்பிரிவு செல்லாது என்று 2025 ஜூலை 1-ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. எனவே "அனுமதி வாங்கவில்லை, ஆகவே குற்றம்" என்று யாராவது எழுதினால் அந்த வரியின் கீழ் கோடு போடுங்கள்.

மாணவர் தரப்பையும் விடாதீர்கள். "கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி போலீஸ் எதுவும் செய்ய முடியாது" என்பதும் மிகைதான். அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகள் அப்படியே இருக்கின்றன. போலீஸ் நிபந்தனை விதிக்கலாம், குற்றவியல் சட்டமும் எங்கேயும் போய்விடவில்லை. இன்னொன்று: குடியுரிமை இல்லாதவர் பேரணியில் கலந்துகொள்ள இந்தச் சட்டம் இடம் தரவில்லை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே படிக்க வந்திருப்பவர்கள் "எல்லா மாணவரும் வாருங்கள்" என்ற அழைப்பைப் பார்த்து அப்படியே கிளம்பிவிட வேண்டாம்.

போலீஸ் ஒருவரை விசாரணைக்கு அழைத்தது, கைது செய்தது, நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டியது, நீதிமன்றம் தண்டித்தது, இந்த நான்கும் நான்கு நிலைகள். வாக்குமூலம் கொடுக்கப் போன மாணவரை "குற்றவாளி" என்று எழுதும் அறிக்கை முதல் படியிலிருந்து நான்காவது படிக்குத் தாவுகிறது. நம் பத்திரிகைகளிலும் இந்தத் தாவல் உண்டு, வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கூட்டத்தின் எண்ணிக்கை எப்போதும் சண்டைதான். அமைப்பாளர் ஒன்று சொல்வார், போலீஸ் அதில் பாதி சொல்லும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, அதுவும் மாணவர் போராட்டத்திலிருந்தே பிறந்தது. 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லி வளாகத்தில் வியட்நாம் போருக்கு எதிராக மாணவர்கள் கூடியபோது, அங்கே இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக் கணக்குப் போட்டார். ஆட்கள் தளர்வாக நின்றால் ஒருவருக்குப் பத்துச் சதுர அடி, நெருங்கி நின்றால் நாலரைச் சதுர அடி. 5,000 சதுர மீட்டர் திடல் தளர்வாக நிறைந்தால் சுமார் 5,400 பேர், நெருக்கமாக நிறைந்தால் சுமார் 12,000 பேர். படத்தைப் பார்த்துத் திடலில் எவ்வளவு பகுதி நிறைந்தது என்று கணியுங்கள். சரியான எண் கிடைக்காது. ஆனால் யார் கூச்சமில்லாமல் அளக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

குறளை: இங்கே அதிக நேரம் நில்லுங்கள்

மாணவர் போராட்டம் பற்றிய அறிக்கைகளில் அதிகம் நடக்கும் குற்றம் எது என்று கேட்டால், பொய்யையும் கடுஞ்சொல்லையும் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்வேன். "இவர்கள் பின்னால் யாரோ இருக்கிறார்கள்." எந்தக் காலத்து அறிக்கையை எடுத்தாலும் இந்த வரி இருக்கும். யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பொய்யைச் சரிபார்க்கலாம், கடுஞ்சொல்லுக்குப் பதிலடி கொடுக்கலாம். பெயர் சொல்லாத கோளுக்கு யார் பதில் சொல்வது? "எங்கள் பின்னால் யாரும் இல்லை" என்று எப்படி நிரூபிப்பது? இதன் வேலையே வேறு. அறிக்கையைப் படித்த அப்பா அன்றிரவு பிள்ளைக்குப் போன் போட்டு, "எதுக்குடா போன?" என்று கேட்பதற்குப் பதிலாக "யாருடா உன்னைக் கூட்டிட்டுப் போனது?" என்று கேட்பார். கேள்வி மாறியதுமே பிள்ளை பேச்சை நிறுத்திவிடுவான். இன வழியாகவும் இது வரும். "அவர்கள் பின்னால் நின்றுகொண்டு நம் பிள்ளைகளை முன்னால் தள்ளுகிறார்கள்" என்று யாராவது சொன்னால், ஒரே வரியில் இரண்டு சமூகத்தின் மாணவர்களைப் பிரித்தாயிற்று.

1974-ஐப் பாருங்கள். ரப்பர் விலை சரிந்து, சாமான் விலை ஏறிய நேரம். கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் திரண்டார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் திடலில், அதாவது இன்றைய டத்தாரான் மெர்டேக்காவில், அவர்களுக்காக மாணவர்கள் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. அப்போது இரண்டு பேச்சுகள் உலவின. பசியால் நச்சுக் காட்டுக் கிழங்கைத் தின்று செத்தார்கள் என்பது ஒன்று, அரசாங்கம் அதை மறுத்தது. மாணவர்களுக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. மலாயாப் பல்கலைக்கழகச் சீனமொழிச் சங்கத்தைப் பற்றி அரசாங்கம் வெள்ளை அறிக்கையே வெளியிட்டது.

முதல் பேச்சு சரிபார்க்கக்கூடிய செய்தி. யார், எந்தக் கம்பம் (கிராமம்), எந்த நாள் என்று கேட்கலாம். சரிபார்க்காமல் மேடையில் சொன்னவர் யாராயிருந்தாலும் அது அவர் குறைதான், ரப்பர் மரம் சீவியவர்களின் கஷ்டம் உண்மையாக இருந்தாலும். இரண்டாவது பேச்சுக்கு வேறு சோதனை. ஒரு சங்கத்துக்குள் அப்படி நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் ரப்பர் விலை பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? விலை விழுந்தது கம்யூனிஸ்டுகளால் இல்லையே.

அதனால் "பின்னால் யாரோ" என்ற வரியைப் பார்த்ததும் இப்படிக் கேளுங்கள். பெயர் சொல்லியிருக்கிறாரா? ஆதாரம் காட்டியிருக்கிறாரா? சுட்டப்பட்டவர் பதில் சொல்ல வழி விட்டிருக்கிறாரா? எல்லாம் உண்மை என்றே வைத்தாலும் மாணவர்கள் வைத்த கோரிக்கைக்கு அது பதிலா? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான அறிக்கைகள் விழுகின்றன.

இது மாணவர்களுக்கும் பொருந்தும். வகுப்புக்குப் போன சக மாணவனை "நிர்வாகத்தின் ஆள்" என்பதும் கோள்தான்.

கடுஞ்சொல்லும் கண்டிப்பும்

கண்டிப்பான பேச்சு குற்றமில்லை. "துணைவேந்தர் தந்த விளக்கம் போதாது, அவர் பதவி விலக வேண்டும்" என்பது கண்டிப்பு. "துணைவேந்தர் ஓர் அடிமை" என்பது கடுஞ்சொல். முன்னது செயலைத் தொடுகிறது, பின்னது ஆளை மட்டும் அடிக்கிறது. அதிகாரத் தரப்பின் பழக்கமான கடுஞ்சொல் "நன்றிகெட்டவர்கள், அரசாங்கப் பணத்தில் படித்துவிட்டு" என்பது. 1997-இல் தொடங்கிய பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்வி நிதி தருவது கடன். படித்து முடித்துப் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், யார் பணம் என்று சொல்வார்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்கும் சிலருக்கும் ஒத்துப்போவதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல், ஒரே எடை என்கிறார்கள். அளவுகோல் ஒன்றுதான், எடை ஒன்றாக இருக்க முடியாது என்பேன். பதாகையில் நாலு சொல்லுக்குத்தான் இடம் இருக்கிறது, அதைப் பிடித்திருப்பவனுக்கு இருபது வயது. அமைச்சரிடம் அறிக்கை எழுதித் தரவே ஆள் இருக்கிறார், அவர் ஊகித்துச் சொன்ன ஒரு வரி மறுநாள் ஒழுங்கு விசாரணைக் கடிதமாக மாறலாம். இரண்டும் குற்றமாகலாம், கனம் வேறு.

பயனில்சொல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "அனைத்துத் தரப்பினரும் நிதானம் காக்க வேண்டும்" என்ற வகை. யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று தேடுங்கள். இல்லையென்றால் படம் வருவதற்காக விட்ட அறிக்கை.

காலமும் இடமாற்றமும்

மாணவர் லாக்கப்பில் இருக்கும்போது, அவர் வாய் திறக்க முடியாத நேரத்தில் அவரைப் பற்றி வரும் அறிக்கைக்கு ஒரு மதிப்பெண் குறையுங்கள். அதே கருத்தை அவர் வெளியே வந்தபின் சொல்லலாமே. காயம் பற்றிய செய்தி வந்து ஒரு மணி நேரத்தில் "போலீஸ்தான் செய்தது" என்று முடிவு கட்டும் அறிக்கைக்கும் அதே கழிவு.

அப்புறம், ஆளை மாற்றிப் பாருங்கள். இதே வாக்கியத்தை உங்களுக்குப் பிடித்தவர் சொன்னால் ஏற்பீர்களா? நம் நாட்டில் இதற்கு அதிகம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 1974 போராட்டத்துக்காக, விசாரணையின்றி அடைக்க வழிவிட்ட இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுமார் இருபது மாதம் அடைபட்ட அன்வார் இப்ராஹிம், 2022 நவம்பர் முதல் பிரதமர். 1975 திருத்தத்தின்போது கல்வி அமைச்சராக இருந்த மகாதீர், 2015 ஆகஸ்டில், தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்தின் நான்காவது பேரணிக்கே வந்து நின்றார். 2011-இல் அப்போதைய பிரதமரின் படமிருந்த கொடியை இறக்கிய மாணவர் ஆடாம் அட்லி பின்னாளில் துணை அமைச்சரானார். 2025 ஜனவரி 25-இல் ஊழலை எதிர்த்து மாணவர்கள் கோலாலம்பூரில் பேரணி நடத்தியபோது வந்த அறிக்கைகளைத் தேடி எடுத்து, பேசியவர் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். யாருடையது என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருக்கும்.

ஒரு பயிற்சி

கீழே உள்ள இரண்டும் நானே கட்டியவை, யாரும் விட்டதில்லை.

"சனிக்கிழமை நடந்த சட்டவிரோதக் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருந்தது வேதனை தருகிறது. அவர்களை யாரோ இயக்குகிறார்கள். அரசாங்கப் பணத்தில் படித்துவிட்டு அரசாங்கத்தை எதிர்ப்பது நன்றிகெட்டதனம். அனைவரும் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும்."

வேதனை அவருடையது, அதில் நமக்குப் பேச்சில்லை. சட்டவிரோதம் என்று முடிவு செய்தது யார்? நீதிமன்றமா, அவரா? இரண்டாவது வரி குறளை, மூன்றாவது கடுஞ்சொல், நான்காவது பயனில்சொல். வரிக்கு ஒன்று. இதே மனிதர் போராட்டத்தை எதிர்த்தபடியே நேர்மையாகவும் எழுதியிருக்கலாம்: "சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு அறிவிப்புக் கொடுக்கப்பட்டதா என்று போலீஸ் விளக்க வேண்டும். தேர்வு நெருங்கும் நேரத்தில் இது வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் கேட்கும் விடுதிக் கட்டண விவகாரத்தைப் பேச மாணவர் பிரதிநிதிகளை இந்த வாரம் சந்திக்கிறேன்." எதிர்ப்பு அப்படியே இருக்கிறது, நாலு குற்றமும் போய்விட்டன.

இனி மறுதரப்பு. "பத்தாயிரம் பேர் திரண்டோம். போலீஸ் கொடூரமாகத் தாக்கியது. வராமல் வாய்மூடி இருந்த மாணவர்கள் துரோகிகள்."

எண்ணிக்கைக்கு ஜேக்கப்ஸ் கணக்கு. தாக்குதல் நடந்திருந்தால் எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன காயம், புகார் கொடுத்தாயிற்றா? "கொடூரமாக" என்ற சொல்லைவிட இந்த விவரங்களுக்குத்தான் வலிமை. கடைசி வரி எனக்கு மூன்றிலும் மோசமானதாகப் படுகிறது. வராதவர்களில் உபகாரச் சம்பளம் போய்விடுமோ என்று பயந்தவள் இருப்பாள், வார இறுதியில் கடையில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் இருப்பான். அமைச்சரை அடிக்க எடுத்த சொல் பக்கத்து அறைப் பிள்ளையின் மேல் விழுகிறது.

பகிர்வதற்கு முன்

நீங்கள் எழுதாத அறிக்கையாக இருந்தாலும் அனுப்பும்போது பொறுப்பு கொஞ்சம் உங்களிடமும் வருகிறது. 2012 ஜூலை 31-இல் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டம் 114ஏ பிரிவின்படி, ஒரு பதிவில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ பெயர் தெரிகிறவர்தான் அதை வெளியிட்டார் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. இணையத்தில் தவறானதை அனுப்புவோர் மீது பாயக்கூடிய, தொடர்பு மற்றும் பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. கோயில் குழு, முன்னாள் மாணவர் குழு என்று நாலைந்து குழுவுக்கு நிர்வாகியாக இருப்பவர்கள் இதை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

அந்தக் குழுவில் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரோ மூத்தவரோ மோசமான அறிக்கையைப் போட்டுவிட்டால் "பொய்" என்று பொதுவில் எழுதாதீர்கள். அவர் மானத்தைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடுவார், அறிக்கை மறந்துபோகும். ஒரே ஒரு வரியை எடுத்து, "ஐயா, இந்த இரண்டாவது வரியில் சொல்லியிருப்பது யாரை என்று அறிக்கையில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால் மறுநாள் நீங்களே மூல அறிக்கையின் இணைப்பைத் தேதியோடு போட்டுவிட்டு, வேறெதுவும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.